ஆயக்கட்டுக்கு வெளியே

நொய்யல் வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள்: நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம். திருப்பூர் சாயப்பட்டறைகளை எதிர்த்து 2003இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய், 2006 டிசம்பரில் தீர்ப்பு வாங்கிய சங்கம். நானும் அந்தப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் அதில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். ஆயக்கட்டு. வாய்க்கால் தண்ணி பாயும் என்று அரசாங்கக் கணக்கில் பதிவான நிலம் ஆயக்கட்டு. அந்த நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவர் ஆயக்கட்டுதாரர். அதே நிலத்தில் நாற்று நட்டவளுக்கு, மஞ்சள் வெட்டியவனுக்கு, ராத்திரி மடை மாற்றிவிட்டவனுக்குப் பொதுப்பணித்துறைக் கணக்கில் பெயர் கிடையாது. ஆறு செத்தபோது யாருக்கு என்ன போயிற்று என்று நீதிமன்றம் கேட்டது. பதில் சொல்லக் கூண்டுக்கு அருகே நின்றவர்கள் இரண்டே வகை. ஒரு பக்கம் நிலம் வைத்திருப்பவர், இன்னொரு பக்கம் பட்டறை வைத்திருப்பவர். ஒன்றுமே வைத்திராதவர்கள் அந்த ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், இருக்கிறார்கள். பெரும்பாலும் அருந்ததியர்கள்.

இதைச் சொல்வதால் அந்த விவசாயிகளின் போராட்டம் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நியாயமான போராட்டம். அந்தச் சங்கம் இல்லாவிட்டால் இன்றைக்கும் சிவப்பும் நீலமுமாக ஆறு ஓடிக்கொண்டிருக்கும். நான் கேட்பது வேறு கேள்வி. இந்த நாட்டில் ஒரு திட்டம் வரும்போதும், அந்தத் திட்டம் நாசமாகும்போதும், நாசத்துக்கு ஈடு கொடுக்கும்போதும் "பாதிக்கப்பட்டவர்" என்று யாரை எழுதிக்கொள்கிறார்கள்? நொய்யல் அதற்கு ஒரு நல்ல பாடம்.

கொஞ்சம் பின்னே போகலாம். கொங்கு நாட்டுத் தோட்டங்கள் ஆற்றுப் பாசனத்தைவிடக் கிணற்றையே அதிகம் நம்பியவை. ஆழமான கிணறு. எருது பூட்டி, கவலை ஓட்டி, சால் சாலாகத் தண்ணி இறைக்க வேண்டும். அந்தச் சாலின் அடியில் தொங்கும் தோல்வால் இல்லாமல் தண்ணி வாய்க்காலில் விழாது. செத்த மாட்டை இழுத்துப் போய், தோலை உரித்து, பதம் பண்ணி, தைத்துக் கொடுத்தவர்கள் நம் ஆட்கள். கிழிந்தால் ஒட்டுப்போடுவதும் அவர்கள் வேலை. கவலை ஓட்டியவர்களிலும் பாதிப்பேர் பண்ணையத்து ஆட்களாக இருந்த மாதாரிகள். அவர்கள் தைத்த தோல் நாள் முழுக்கக் கிணற்றுக்குள் இறங்கி ஏறும். தைத்தவன் கிணற்றில் கை வைக்கக்கூடாது. குடிக்கத் தண்ணி வேண்டுமென்றால் வாய்க்கால் ஓரம் நின்று, யாராவது ஊற்றினால் கையேந்திக் குடிக்க வேண்டும். தோலுக்குத் தீட்டு இல்லையாம், தைத்த கைக்குத்தான் தீட்டாம்! 1927இல் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணி அள்ளிக் குடித்ததும் சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் கலந்து 108 குடம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள் என்று படித்திருக்கிறோம். கொங்கில் அந்தச் செலவே இல்லை. யாரும் குளத்துக்குப் போகவே விடப்படவில்லை.

1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் தோட்டத்துக்குத் தோட்டம் பம்புசெட்டு. கவலை போயிற்று, தோல்வால் போயிற்று. தோலோடு இருந்த பிழைப்பும் போயிற்று. பண்ணையம் மட்டும் மிச்சம். கிணற்றின் ஆழம் கூடக்கூட, ஆழத்துக்குப் போகப் பணம் உள்ளவனுக்கே தண்ணி என்ற நிலை வந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். நொய்யல் கரையில் சென்னிமலைப் பக்கம் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. சங்ககாலத்தில் இரும்பு உருக்கிய, கல்மணி அறுத்த ஊர். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியதிலிருந்து அங்கே கிடைத்த பானை ஓடுகளில் உள்ள எழுத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அந்த ஊரின் பக்கத்திலேயே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. ரெண்டாயிரம் வருசத்துப் பழமையையும் இருபது வருசத்துச் சாயக்கழிவையும் ஒரே கரையில் பார்க்கலாம். முதலாவதைப் பார்க்க மாணவர்களை பஸ் வைத்துக் கூட்டிப்போகிறார்கள்.

திருப்பூரில் பின்னல் தொழில் 1920களில் தொடங்கியது. வெகுகாலம் உள்ளூர்ச் சந்தைக்கு வெள்ளை பனியன் செய்த ஊர் அது. வெள்ளைக்குச் சலவை போதும், சாயம் வேண்டாம். 1970களின் கடைசியில் ஏற்றுமதி பிடித்தது, 80களின் நடுவில் அது பாய்ச்சலாயிற்று. வெள்ளைக்காரனுக்குக் கலர் டீ சர்ட் வேண்டும். 1981இல் 68 ஆக இருந்த சாய, சலவைப் பட்டறைகள் 1991இல் 450 ஆயின, 1997இல் 866 ஆயின. கணக்கைப் பாருங்கள், பதினாறு வருசத்தில் பன்னிரண்டு மடங்குக்கு மேல்.

பருத்தித் துணியில் சாயம் ஒட்ட உப்பு வேண்டும், சாதாரண உப்பு. மூட்டை மூட்டையாகத் தொட்டியில் கொட்டுவார்கள். சாயம் துணியில் ஏறும், உப்பு ஏறாது. அது அப்படியே தண்ணியோடு வெளியே போகும். நிறத்தை எடுக்கச் சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டால் போதும். கரைந்த உப்பை எடுக்க அது போதாது. 90களின் கடைசியில் அரசு மானியத்தோடு பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபோது நடந்த கூத்து இதுதான். நிறம் போன தண்ணியைக் காட்டி "சுத்தமாயிடுச்சு பாருங்க" என்றார்கள். ஒரு லிட்டரில் 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கக்கூடாது என்பது மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. அந்த நிலையங்களிலிருந்து வெளியேறிய தண்ணி அதைவிடப் பல மடங்கு உப்பு. கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு ஊழலும் சுலபம்.

இத்தனை பட்டறைக்கும் நல்ல தண்ணி எங்கிருந்து? நொய்யல் கெட்டபிறகு ஊர் ஊராக லாரி போயிற்று. அவிநாசி, பல்லடம் பக்கத்துத் தோட்டங்களில் கிணறும் போர்வெல்லும் வைத்திருந்தவர்கள் வெள்ளாமையை நிறுத்திவிட்டுத் தண்ணியை விற்றார்கள். ஒரு ஏக்கர் பருத்தியைவிட ஒரு போர்வெல் லாபம் என்ற காலம் வந்தது. ஆற்றில் கழிவு விட்டவன் மட்டுமா நிலத்தடி நீரைத் தின்றான்? விற்றவனும்தான். விற்ற தோட்டத்தில் களையெடுப்பு இல்லை, அறுப்பு இல்லை. அங்கே வேலை பார்த்த பொம்பளைகளுக்கு அந்த லாரித் தண்ணியில் ஒரு பைசாப் பங்கு இல்லை. பக்கத்து வளவின் அடிபம்பில் காற்று வந்தது.

இனி அணை. ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிந்தது. பதினாறு கோடிக்கு மேல் செலவு. ஈரோடு, கரூர் பக்கத்துப் புன்செய் நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காக. அணை கட்டப்பட்ட அதே வருசங்களில்தான் முப்பது கிலோமீட்டர் சுற்றுக்குள் மேலே சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. ஒரு துறை ஆற்றுக்குக் குறுக்கே சுவர் எழுப்புகிறது, இன்னொரு துறை மேலே பட்டறைக்கு லைசென்சு கொடுக்கிறது. ரெண்டும் ஒரே கோட்டையில் இருக்கும் துறைகள். மக்களைக் கேட்டார்களா என்று கேட்காதீர்கள், ஒருத்தரை ஒருத்தரே கேட்டுக்கொள்ளவில்லை. சில வருசத்துக்குள் அது அணை என்ற நிலை போய்ச் சாயக்கழிவுத் தொட்டி ஆயிற்று. 1997இல் அந்தத் தண்ணியைத் திறந்துவிட்டபோது கீழே கரூர் வரை நாசம். அதற்குப் பிறகு உலகத்தில் எங்கும் கேள்விப்படாத ஒரு கோரிக்கையை விவசாயிகள் வைத்தார்கள்: தயவுசெய்து அணையைத் திறக்காதீர்கள், எங்களுக்குத் தண்ணி வேண்டாம்.

அணை ஓரத்து ஊர்களில் நடந்ததைக் கரூர் வரைக்கும் ஒரே மாதிரிதான் சொல்லுவார்கள். தென்னை மட்டை காய்ந்து தொங்கிற்று. கிணற்றுத் தண்ணியில் சோறு வெந்தால் மஞ்சளாக இருந்தது. மாடு அந்தத் தண்ணியைக் குடித்தால் சினை நிற்கவில்லை. இதெல்லாம் பத்திரிகைகளில் வந்தது. தோட்டக்காரருக்கும் வளவுக்காரருக்கும் ஒரே தண்ணிதானே, ஒரே கஷ்டம்தானே என்று தோன்றும். அப்படி இல்லை. தோட்டக்காரர் முதலில் இன்னும் ஆழமாகப் போர் போட்டார். அதுவும் உப்பானால் டிராக்டரில் டேங்க் வைத்து நல்ல தண்ணி கொண்டுவந்தார். அதுவும் முடியாதபோது நிலத்தை விற்றுவிட்டு ஊருக்குள் வீடு பார்த்துப் போனார். விற்க நிலம் இருந்தது. வளவுக்காரிக்கு இருந்தது பஞ்சாயத்து போட்ட ஒரு குழாயும் ஒரு அடிபம்பும். அது உப்பானால் தோட்டத்துக் கிணற்றுக்குப் போக வேண்டும். தோட்டத்துக் கிணற்றில் யார் குடம் வைக்கலாம், யார் வைக்கக்கூடாது என்பது சாயம் வருவதற்கு முன்னாலேயே முடிவு செய்யப்பட்ட விசயம். மாசு புதுசு, வரிசை பழசு. குளிக்க, துணி துவைக்க, ஆடு குடிக்க, விறகு பொறுக்க, மீன் பிடிக்க ஆற்றையே நம்பியிருந்தவர்கள் நிலமற்றவர்கள்தான். சொந்தத்தில் தண்ணி இல்லாதவனுக்குத்தான் ஆறு வேண்டியிருந்தது. அந்த இழப்புக்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

வழக்குக்கு வருவோம். கரூர்ப் பக்கத்து வாய்க்கால் விவசாயிகள் 1996இலேயே நீதிமன்றம் போனார்கள். 1998இல் உயர்நீதிமன்றம், ஒன்று பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சேர் அல்லது சொந்தமாகக் கட்டு, இல்லையேல் மூடு என்றது. கட்டினார்கள், நிறத்தை எடுத்தார்கள், உப்பை விட்டார்கள். 2003இல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் மறுபடி போயிற்று. 2006 தீர்ப்பு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்றது, கெடு விதித்தது, கெடு தாண்டி விடுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் இத்தனை பைசா என்று அபராதம் போட்டது. பட்டறை முதலாளிகள் உச்சநீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் தோற்றார்கள். கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை உச்சநீதிமன்றம் உறுதி செய்து, மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. அப்போதும் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, அவமதிப்பு வழக்கில், எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடு என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறு பட்டறைகளுக்கு மேல். மின்சாரம் துண்டிக்கப்பட்டது.

ஈடு கட்டுகிற கதை தனி. 1996 ஆகஸ்டில் வேலூர் தோல் பதனிடும் தொழிற்சாலை வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, மாசால் பாதிக்கப்பட்ட தனிநபர்களையும் குடும்பங்களையும் கண்டறிந்து ஈடு கொடுக்க ஒரு ஆணையத்தை அமைக்கச் சொன்னது. தனிநபர், குடும்பம் என்பவை விரிந்த சொற்கள். சேரியில் இருப்பவளும் தனிநபர்தான், வளவில் இருப்பதும் குடும்பம்தான். அப்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் நொய்யலுக்கும் வந்தது. வந்தவுடன் அந்தச் சொற்கள் சுருங்கின. எந்த சர்வே எண், எத்தனை ஏக்கர், மண்ணில் எவ்வளவு உப்பு, விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்று கணக்கு எடுத்தார்கள். 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் என்று முடிவாயிற்று. வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட இல்லை. அதை வாங்கவும் அந்த விவசாயிகள் வருசக்கணக்கில் அலைந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் மண்ணின் உப்பை அளந்த கருவி, அந்த மண்ணில் வருசத்துக்கு நூறு நாள் வேலை போன கூலிக்காரியை அளக்கவில்லை. அவளுக்கு சர்வே எண் இல்லை. ஏன் இல்லை என்பது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. 1892இல் வெள்ளைக்காரன் காலத்தில் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் என்னவாயிற்று என்று கேட்டுக் கேட்டு நம் தொண்டை வறண்டிருக்கிறது. நிலத்தைப் பறித்தது ஒரு நூற்றாண்டு, நிலம் இல்லாததால் ஈடு இல்லை என்றது அடுத்த நூற்றாண்டு.

இந்த இடத்தில் சில தோழர்கள் என்னை மடக்குவார்கள். "அந்தச் சாயப்பட்டறையும் பனியன் கம்பெனியும் வந்ததாலதானே நம்ம ஆளுக பண்ணையத்தை விட்டு வெளியே வந்தாங்க? இப்ப ஆறு ஆறுன்னு அழுதா எப்பிடி?" கேட்க வேண்டிய கேள்விதான். ஜூடித் ஹேயர் என்ற பொருளியல் ஆய்வாளர் 1981-82இலிருந்து முப்பது வருசத்துக்குக் கிட்ட இந்தப் பகுதிக் கிராமங்களைத் திரும்பத் திரும்ப வந்து பார்த்திருக்கிறார். பண்ணையாள் முறை உடைந்ததில் அரசின் ரேசன், பள்ளிக்கூடம் இவற்றோடு ஆலை வேலைக்கும் பங்கு இருக்கிறது. கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் என்ற இருவர் திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களைப் பார்த்தபோது இன்னும் நுணுக்கமான ஒன்று தெரிந்தது. ஒரு ஊரில் தலித் இளைஞர்கள் பனியன் கம்பெனிக்குப் போய்க் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறார்கள். இன்னொரு ஊரில் அதே தலித் இளைஞர்கள் விசைத்தறிக் கூடத்தில் முன்பணம் வாங்கிப் புதுப் பண்ணையாளாகக் கட்டுண்டு கிடக்கிறார்கள். ரெண்டும் அதே கொங்கு நாடு, அதே நூல்.

கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து நின்றபோது, யார் எந்த சீட்டில் உட்காருவது என்று ஊர்க்கவுண்டர் சொல்ல முடியவில்லை. கைமடி வேலைக்குப் போன பொண்ணு, ஒண்ணரை ஷிப்ட் பார்த்து சனிக்கிழமை சம்பளம் வாங்கி, தன் கையால் ஒரு வளையல் வாங்கினாள். நான் இதைச் சின்ன விசயமாக நினைக்கவில்லை. தோட்டத்தில் அரைக்கூலிக்குக் குனிந்தவளுக்கு அது விடுதலை. ஆகவே 2011இல் பட்டறைகள் மூடியபோது வளவுக்குள் கொண்டாட்டம் எதுவும் இல்லை. மேலே சாயம் நின்றால் கீழே தையல் நிற்கும், துணி வராமல் பவர்டேபிள் சும்மா கிடக்கும். வேலை போனவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். திரும்பிய ஊரில் விவசாயம் இல்லை, உப்பு மண் இருந்தது. அந்த வருசமே பொது சுத்திகரிப்பு நிலையங்கள் சீரடைய அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. முதலாளிக்குக் கடன், விவசாயிக்கு ஈடு. வேலை இழந்த தொழிலாளிக்கு? கெடுதண்ணியைக் குடித்தவளும் அவளே, அந்தத் தண்ணியைக் கெடுத்த தொழிலில் கூலி வாங்கியவளும் அவளே. ரெண்டு பக்கத்துக் கணக்கிலும் அவள் பெயர் வரவில்லை. சூழலா, வேலையா என்று அவளிடம் போய்க் கேட்கிறவர்கள், அந்தக் கேள்வியைத் தோட்டத்துக்காரரிடமோ எக்ஸ்போர்ட்டரிடமோ கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

இதற்கு நடுவில் ஒரு பெரிய குழாய் வந்தது. உள்ளூர்த் தண்ணி கெட்டுவிட்டதால் வெளியூர்த் தண்ணி வேண்டும். 1995இல் புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகம் என்ற கம்பெனி அமைந்தது. மாநில அரசின் டிட்கோ, ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் எல்லாம் சேர்ந்து. தண்ணி விநியோகத்தில் தனியார் பங்கேற்ற இந்தியாவின் முதல் பெரிய திட்டங்களில் ஒன்று. ஆயிரம் கோடிக்கு மேல் செலவு, 30 வருச ஒப்பந்தம். பவானிப் பக்கமிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய். நாளொன்றுக்கு 18 கோடியே 50 லட்சம் லிட்டர். இதில் 12 கோடியே 50 லட்சம் தொழிற்சாலைக்கு, 2 கோடியே 50 லட்சம் நகராட்சிக்கு, 3 கோடியே 50 லட்சம் வழியோரக் கிராமங்களுக்கு. மூன்றில் இரண்டு பங்கு பட்டறைக்கு. தொடக்கத்தில் பட்டறைக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய். அந்த வருமானத்தில்தான் கிராமத்துக்கு மலிவாகத் தண்ணி கொடுக்க முடியும் என்பது திட்டத்தின் தர்க்கம். கேட்க நன்றாக இருக்கிறது. 2011க்குப் பிறகு பட்டறைகள் தங்கள் கழிவைத் தாங்களே ஆர்.ஓ. வைத்து, எவாப்பரேட்டர் வைத்துச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தத் தொடங்கின, குழாய்த் தண்ணியை வாங்குவது குறைந்தது, கம்பெனி தள்ளாடியது. வளவின் குடிதண்ணியைச் சாயத்தொட்டியின் தாகத்தோடு முடிச்சுப்போட்டவர்கள் யாரைக் கேட்டுப் போட்டார்கள்? ஏற்றுமதியாளர் சங்கத்துக்குப் பங்குதாரராக மேசையில் நாற்காலி இருந்தது. தண்ணி குடிக்கிறவர்களுக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி இருந்தது.

"மக்களைக் கேட்கிறோம்" என்பதற்கு இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. 1994இல் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. 1997 ஏப்ரலில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமாக்கப்பட்டது. ஒரத்துப்பாளையம் அணைக்கு அது காலம் கடந்த சட்டம். 2006இல் அறிவிக்கையை மாற்றி எழுதியபோது, அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வருகிற ஆலைகளுக்குக் கருத்துக் கேட்பு வேண்டாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். 2020இல் இன்னும் ஒரு வரைவு வந்தது, மக்கள் பதில் சொல்ல இருந்த 30 நாளை 20 ஆக்கு என்று. அந்த வரைவே முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. மற்ற மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடு என்று தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. கருத்துக் கேட்கிறார்களாம், கேட்கிற கேள்வி நமக்குப் புரியாத பாசையில்.

கொங்கு மண்டலமே கொதித்த ஒரு கருத்துக் கேட்பு உண்டு. கெயில் எரிவாயுக் குழாய். கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் குழாய், திருப்பூர் உட்பட ஏழு மேற்கு மாவட்டங்களில் 310 கிலோமீட்டர் விவசாய நிலத்துக்குள் போக இருந்தது. பெரும் எதிர்ப்பு. 2013 மார்ச்சில் மாநில அரசு கோவையில் விவசாயிகளைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டது. அடுத்த மாதம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோ என்று அரசு சொன்னது. உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை 2013 நவம்பரில் ரத்துச் செய்தது. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் கெயில் பக்கமே நின்றது. அதில் விவசாயிகள் தோற்றது வருத்தம்தான். ஆனால் அந்தக் குழாய்ச் சட்டத்தைப் படியுங்கள், 1962 சட்டம். ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள். யார் தெரிவிக்கலாம்? நிலத்தில் உரிமை உள்ளவர். நெடுஞ்சாலை ஓரம் கொண்டுபோ என்று எல்லோரும் சொன்னோமே, நெடுஞ்சாலைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்கள் யார்? அவர்களை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. தோட்டத்தைக் காப்பாற்றும் வழி யாருடைய குடிசை வழியாகப் போகிறது என்று ஒரு வரி பேசியிருக்கலாம்.

அமெரிக்காவில் "சூழல் நீதி" என்ற சொல் பிறந்ததே இந்த இடத்தில்தான். 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில் நச்சு மண்ணைக் கொட்ட இடம் தேடிய அரசு, கறுப்பர்கள் அதிகம் வாழும் ஏழைப் பகுதியைத் தேர்ந்தெடுத்தது. மக்கள் லாரிக்கு முன்னால் ரோட்டில் படுத்தார்கள், ஐந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள். குப்பை அங்கேயே கொட்டப்பட்டது. ஆனால் குப்பை எங்கே போகிறது என்பதை நிறம் தீர்மானிக்கிறது என்ற உண்மையை அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை. 1987இல் ஒரு திருச்சபை அமைப்பு நாடு முழுக்கக் கணக்கெடுத்து அதை எழுதியே வைத்தது. நம் பசுமை இயக்கங்கள் அந்தச் சொல்லைக் கடன் வாங்கின. சாதிவாரியாக அந்தக் கணக்கெடுப்பை மட்டும் வாங்கவில்லை. நொய்யல் கரையில் எந்தெந்த வளவின் குழாய் என்ன உப்பு என்று தனியாக எடுத்த பட்டியல் ஏதும் அரசு வெளியிட்டு நான் பார்த்ததில்லை.

நிலம் வைத்திருப்பவரை மட்டும் கேட்காமல் ஊரையே கேட்ட உதாரணமும் உண்டு. ஒடிசாவின் நியம்கிரியில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளைக் கேட்கச் சொல்லி 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. பன்னிரண்டு கிராம சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அங்கே பட்டாவைப் பார்க்கவில்லை, வாழ்வதைப் பார்த்தார்கள். வன உரிமைச் சட்டம் என்ற ஆயுதம் ஆதிவாசிகளிடம் இருந்தது. சமவெளியில் இருக்கும் நமக்கு அப்படி ஒன்று இல்லை. கிராம சபையைக் கேளுங்கள் என்று நாமும் சொல்லலாம்தான். ஆனால் நம் ஊர்க் கிராம சபை எப்படிக் கூடும்? கோயில் திண்ணையில் யார், மரத்தடியில் யார்? பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்ததற்காக முருகேசனை வெட்டிய மேலவளவு 1997இல் நடந்தது. அந்தச் சபையில் ஒரு அருந்ததியப் பெண் எழுந்து "எங்க பைப்புல வர்ற தண்ணி உப்புங்க" என்று சொன்னால் அடுத்த நாள் அவளுக்குத் தோட்டத்தில் வேலை இருக்குமா என்பதையும் சேர்த்துத்தான் கருத்துக் கேட்பு என்கிற சொல்லை எடைபோட வேண்டும். தனியாகக் கூட்டம் வேண்டும், வளவுக்குள் வந்து கூட்டம் போட வேண்டும், எழுதிக்கொண்டு போனதைத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். கூலி இழப்புக்கும் பொதுத் தண்ணி இழப்புக்கும் படிவத்தில் தனிப் பத்தி வேண்டும். இது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஒரு தாசில்தார் மனசு வைத்தால் நடக்கிற காரியம்.

சாயப்பட்டறைகள் இன்று சட்டப்படி சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது. உப்பும் கசடும் உள்ளேயே தங்குகின்றன. தங்குவதை யாராவது உள்ளே இறங்கி அள்ள வேண்டுமல்லவா? 2025 மே மாதம் பல்லடத்துக்குப் பக்கத்தில் கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளர்கள் விசவாயு தாக்கி மூன்று பேர் செத்தார்கள். மனிதரை இப்படி இறக்கக்கூடாது என்று 2013இல் போட்ட சட்டம் இருக்கிறது. செத்தால் 30 லட்சம் கொடு என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் இருக்கிறது. பட்டா கேட்காமல் ஈடு கொடுக்கும் கணக்கு இந்த வகையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது பிணத்துக்கு.

2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அறுபது வருசக் கோரிக்கை, 2016இல் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்த கோரிக்கை. 1,916 கோடி ரூபாய். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வீணாகும் உபரித் தண்ணியை மேலேற்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிறார்கள். 24 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பயன் என்று அறிவிப்பு சொல்கிறது. மறுபடியும் ஏக்கர். குளம் நிரம்பினால் சுற்றியுள்ள கிணறு ஊறும், கிணறு உள்ளவருக்கு நல்லது. குளம் புறம்போக்கு, யாருக்கும் பட்டா இல்லாத இடம். அதன் மீன் பாசி யாருக்கு ஏலம் போகிறது, வண்டல் மண் எடுக்க யாருக்கு அனுமதி, கரையில் ஆடு மேய்க்கிறவளை விரட்டுவது யார், நிரம்பிய குளத்துக்குப் பக்கத்து வளவில் குழாய் வந்ததா என்று 1,045 இடத்திலும் போய்ப் பார்த்து எழுத நம் மாணவர்கள் கிளம்ப வேண்டும். ஒரு கல்லூரிக்குப் பத்துக் குளம் என்று பிரித்துக்கொண்டால் ஒரு கோடை விடுமுறை போதும். எழுதி அனுப்புங்கள்.